மான்யமும் கணக்கும்

(ஜவ்வாது மலையடிவாரத்தில் சிறு விவசாயிகளும் வனப்பொருள் சேகரிப்போரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர் என்னைப்பற்றி அதிகமாகவே புகழ்ந்துவிட்டார். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் இருட்டிவிடும். நான் வந்த காரியம் மான்யத்தைப்பற்றியும் தொழிற்பயிற்சியைப்பற்றியும் உங்களோடு பேசுவதாகும். வரும்போது வீட்டுக்கொரு கிலோ ஓடு நீக்கிய புளி கொண்டுவரும்படி சொல்லியனுப்பியிருந்தேன். “இவரும் காணிக்கை கேட்கிறார் போலிருக்கிறது” என்று சிலர் பேசிக்கொண்டார்களாம். (சிரிப்பு) பயப்படவேண்டாம், புளி உங்களுடையதே. அது எதற்கென்று பின்னால் சொல்லுகிறேன்.

மான்யம் என்கிற வார்த்தையே நம் ஜனங்களைக் கெடுத்துவைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் மான்யம் என்றால் ராஜாக்கள் கோவிலுக்கும், பிராமணர்களுக்கும், ஊர் ஊழியக்காரர்களுக்கும் வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ விட்ட நிலம். கொடுக்கிறவன் பெரியவன், வாங்குகிறவன் கும்பிட்டு வாங்கவேண்டும் என்பது அதன் முறை. ராஜா போய் எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் நம்மவர் ஆபீசுக்குள் நுழையும்போது தோளில் இருக்கிற துண்டு தானாகவே இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் வாங்குகிற சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிறீர்களா, இல்லையா? அந்தப் பணந்தானே திரும்பி வருகிறது? உங்கள் பணத்தை நீங்கள் கேட்பதற்குக் கும்பிடு எதற்கு? நடுவில் தரகன் எதற்கு? அவனுக்குப் பத்தில் ஒரு பங்கு எதற்கு?

ஆனால், கும்பிடவேண்டாம் என்று நான் சொல்லுவதால், கணக்குத் தெரியாமலே போய் நிற்கலாம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. மான்யம் என்றால் கையில் பணம் கொடுத்துவிடுவார்கள் என்று நம்மில் 100-க்கு 90 பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சுத்தத் தப்பு. 2020-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் சிறு உணவுத் தொழில்களுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். புளி, தேன், சாமை, ஊறுகாய், எண்ணெய் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். தொழிலுக்கு ஆகிற மூலதனச் செலவில் 100-க்கு 35 மான்யம். அதிகபட்சம் 10 லட்ச ரூபாய் என்பது அதன் விதி. கேட்க இனிப்பாய்த்தான் இருக்கிறது. ஆனால் நடப்பு என்ன? 10 லட்ச ரூபாய்க்கு ஒரு தொழில் வைப்பதென்றால், 1 லட்சம் உங்கள் கைப்பணம் இருக்கவேண்டும். பாக்கி 9 லட்சத்துக்குப் பாங்கு கடன் கொடுக்கச் சம்மதிக்கவேண்டும். மான்யமாகிய மூன்றரை லட்சம் உங்கள் கைக்கு வராது. பாங்கில் தனிக் கணக்கில் கிடக்கும். 3 வருஷம் கடன் கெடாமல் தவணை கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் அது கடனில் கழிக்கப்படும். தொழில் படுத்துவிட்டால் மான்யமும் அதோடு படுத்துவிடும். கடன் மாத்திரம் எழுந்து நிற்கும்.

இது சர்க்கார் செய்கிற மோசம் என்று நான் சொல்லவரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு மிஷினை விற்றுவிட்டுப் போகிறவர்களைத் தடுக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் இதன் பலன் என்னவாகிறது? கையில் ஒரு லட்சம் இருக்கிறவனுக்கே மூன்றரை லட்சம் கிடைக்கிறது. ஒன்றுமில்லாதவனுக்கு ஒன்றுமில்லை. இதை மந்திரிகளும் யோசிக்கவேண்டும், நாமும் கேட்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், மான்யம் வருகிறதே என்பதற்காகவே எண்ணெய் ஆட்டும் மிஷின் வாங்கினார். மிஷின் வந்திறங்கிய அன்று நல்ல நேரம் பார்த்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ஊருக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்று மாத்திரம் ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது அந்தக் கொட்டகையில் கன்றுக்குட்டி கட்டியிருக்கிறார். மாதத் தவணையை மனைவியின் நகை கட்டிக்கொண்டு வருகிறது. தனக்குக் கிரகம் சரியில்லை என்கிறார் அவர். கிரகத்துக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவரைத்தான் கேட்கவேண்டும்!

ஆகையால் முதலில் தேவை படிப்பு. படிப்பு என்றால் பள்ளிக்கூடப் படிப்பைச் சொல்லவில்லை. தொழிலைத் தெரிந்துகொள்வதைச் சொல்லுகிறேன். இந்தத் தேசத்தின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் ஏற்பட்டது. இன்று தேசம் பூராவும் 700-க்கு மேல் இருக்கின்றன. பாங்குகள் நடத்துகிற கிராமிய சுயதொழில் பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. அங்கே பயிற்சிக்குப் பணம் கிடையாது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கிடையாது. இவ்வளவு இருந்தும் நம்மில் எத்தனைபேர் அந்த வாசற்படியை மிதித்திருக்கிறோம்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். (மூன்று பேர் கை தூக்கினர்.) மூன்று பேர்! அதிலும் பெண்கள் ஒருவருமில்லை. புளி தட்டுவது யார்? சாமை புடைப்பது யார்? வேலை செய்கிறவள் வீட்டில். பயிற்சிக்குப் போகிறவன் வேறே. பிறகு தொழில் எப்படித் திருந்தும்?

தேனை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த தேன் நுரைத்துப் புளித்துவிட்டால், தீட்டுக்காரி தொட்டுவிட்டாள் என்று சொல்லுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். தேன் புளிப்பது ஈரத்தினால். மூடாத அடையில் எடுத்த தேனில் தண்ணீர் அதிகம். அதில் இயற்கையாகவே இருக்கிற ஈஸ்ட் வளர்ந்து நுரை கிளப்புகிறது. 100-க்கு 20 பங்குக்கு மேல் ஈரம் கூடாதென்று தேனுக்குப் பொதுவாக விதித்திருக்கிறார்கள். ஒரு சொட்டை வைத்துப் பார்த்தால் ஈரத்தைக் காட்டுகிற சிறு கருவி இருக்கிறது. பயிற்சிக்குப் போனவள் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். போகாத வீட்டில், தேன் கெட்டதற்கும் அவளே குற்றவாளியாகிறாள். ஆகவே இந்தப் படிப்பு வெறும் காசு விஷயம் என்று தாய்மார்கள் நினைத்துவிடக்கூடாது.

இனிக் காட்டின் சங்கதி. காட்டில் பொறுக்குகிற பொருள் சர்க்காருடையது, நாம் ஏதோ திருட்டுத்தனமாய் எடுக்கிறோம் என்கிற பயம் இன்னும் உங்களுக்குப் போகவில்லை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில், பரம்பரையாய்ச் சேகரித்துவரும் சிறு வனப்பொருள்களின்மீது வனவாசிகளுக்குச் சொந்த உரிமை உண்டென்றும், எடுக்கவும் விற்கவும் உரிமை உண்டென்றும் தெளிவாய் எழுதியிருக்கிறது. அந்த உரிமைக்கான மனு முதலில் போகவேண்டிய இடம் உங்கள் கிராம சபையே. சட்டத்தின் புத்தியை நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மூங்கில் புல் இனத்தைச் சேர்ந்தது என்பது தாவர நூல் படித்த எவருக்கும் தெரியும். 1927-ம் வருஷத்து வனச் சட்டமோ அதை மரமென்று எழுதிவைத்தது. காட்டுக்கு வெளியே சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க 2017 வரையில் ஆயிற்று. புல்லைப் புல்லென்று ஒத்துக்கொள்ள 90 வருஷம்! எழுதிவைத்தது என்பதற்காகவே ஒன்றை நம்பிக்கொண்டிருந்தால் இப்படித்தான்.

2018-ல் வன தன் என்றொரு ஏற்பாடு, சத்தீஸ்கரில் பீஜப்பூரில் தொடங்கிற்று. முதலில் எடுத்துக்கொண்ட சரக்குகளில் நம் புளியும் ஒன்று. 20 பேர் கொண்ட 15 குழுக்கள், ஆக 300 பேர் சேர்ந்தால், பயிற்சிக்கும் கருவிக்குமாக ஒரு நிலையத்துக்கு 15 லட்சம் வரை என்பது அதன் அமைப்பு. நான் முன்னே சொன்ன உணவுத் தொழில் திட்டத்திலும், சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை ஆரம்ப மூலதனம் வைத்திருக்கிறார்கள். தனியாய்ப் போனால் கைப்பணம் இல்லாதவர் குழுவாய்ப் போனால் உள்ளே நுழைய இதுவே வழி. இவைகளுக்கெல்லாம் ஆயுள் உண்டு; நீட்டுவார்கள், நிறுத்துவார்கள், பேரை மாற்றுவார்கள். மனுப் போடுகிற அன்று எது நடப்பிலிருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பாங்கில் சொத்து ஜாமீன் கேட்கிறார்கள் என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக்கூடாதென்று 2010-லேயே ரிசர்வ் பாங்கு உத்தரவு போட்டிருக்கிறது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். முடியாதென்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நான் ஒரு ஆபீசுக்கு ஒரே மனுவுக்காக ஏழு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு காகிதம் குறைவென்றார்கள். எட்டாவது தடவை நான் நடக்கவில்லை. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, என் மனு எந்த மேஜையில் எத்தனை நாளாய் இருக்கிறதென்று கேட்டு எழுதினேன். 30 நாளைக்குள் பதில் கொடுத்தாகவேண்டும். பதிலுக்கு முன்னால் உத்தரவே வந்துவிட்டது! (சிரிப்பு)

கடைசியாகப் புளிக்கு வருகிறேன். 2020 மே மாதத்தில் மத்திய சர்க்கார் வனப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச விலையைத் திருத்தினபோது, கொட்டையோடு கூடிய புளிக்குக் கிலோ 36 ரூபாயும், கொட்டை எடுத்த புளிக்கு 63 ரூபாயும் போட்டார்கள். 63 பெரிதாய்த் தெரிகிறதல்லவா? கொட்டை எடுத்தால் 27 ரூபாய் லாபமென்று ஒரு தரகர் உங்களிடம் சொல்லி, கொட்டை எடுக்கிற மிஷினுக்கு மனுப் போடச் சொன்னாராம். ஒரு கிலோவில் கொட்டை போக முக்கால் கிலோ நின்றால், கிடைப்பது 47 ரூபாய்ச் சொச்சம், லாபந்தான். அரைக் கிலோ நின்றால் 31 ரூபாய் 50 காசு. நாலரை ரூபாய் நஷ்டம், அதுவும் தட்டின கூலியில்லாமல். 570 கிராமுக்கு மேல் நின்றால்தான் போட்ட முதலே தேறும். கொட்டையை மாவரைத்துத் துணிக்கும் சணலுக்கும் கஞ்சி போட ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஆள் பிடித்தால் கணக்கு மாறும். அந்த விலையும் இன்று என்னவென்று சந்தையில் விசாரிக்கவேண்டும்.

உங்கள் மரத்துப் புளியில் எவ்வளவு நிற்கும் என்பது எனக்குத் தெரியாது, தரகருக்கும் தெரியாது. தராசு இதோ மேஜைமேல் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் முன்னே வாருங்கள். ஒரு கிலோவை நிறுத்து எடுத்து, கொட்டையைத் தட்டி, இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்போம். எழுதத் தெரிந்த பையன் ஒருவன் கரும்பலகைக்கு வரட்டும்.