சூம்பின கையும் நீட்டின கையும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஜெப ஆலயத்தில் சூம்பின கையோடிருந்த மனிதனை நாம் அறிவோம். அது வலது கை என்று லூக்கா மாத்திரம் குறிப்பிடுகிறார். அவர் வைத்தியர். வலது கை போனால் பிழைப்பும் போகும் என்று அறிந்தவர்.

பீடி சுற்றும் சகோதரிக்கும் தறி நெய்யும் சகோதரனுக்கும் கைதான் பிழைப்பு. காசநோய் என்றால் இருமலும் சளியும் என்றே நினைக்கிறோம். ஆனால் அக்கிருமி இரத்தத்தின் வழியாய்ப் போய் எலும்பிலும் மூட்டிலும் தசைநாண் உறையிலும் தங்கக்கூடும். முதுகெலும்பில் அதிகம், கையில் அபூர்வம். ஆகையால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. மணிக்கட்டில் வீக்கம் மெதுவாக ஏறும். வலி குறைவாயிருக்கும், காய்ச்சலும் இராமல் போகலாம். வேலைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழிப்பதிலேயே மாதங்கள் கழிந்துவிடும்.

பலருக்கு நுரையீரலில் ஒன்றும் இராது; சளிப் பரிசோதனையும் பயன்படாது. வீங்கின இடத்திலிருந்து சிறிது சதை எடுத்துப் பார்க்கவேண்டும். சிலருக்கு உறையைத் திறந்தால் அரிசிமணி போன்ற வெண்மணிகள் கொட்டும். எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க இயலாது. ஒரு பங்கைத் தனியே அனுப்பவேண்டும். வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்காகும். ஜீன் எக்ஸ்பெர்ட் கருவியோ சுமார் 2 மணி நேரத்தில் கிருமியைக் காட்டும். ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யுமா என்றும் சொல்லும்.

சிகிச்சை மாத்திரைகளே. முதல் 2 மாதம் 4 மருந்துகள், பின்பு 3. எலும்பு, மூட்டு என்றால் ஏறத்தாழ 12 மாதம் ஆகும். எல்லாருக்கும் பெரிய அறுவை தேவைப்படாது. ஆனால் விரல்கள் விறைத்துப்போகாதபடி ஸ்பிளிண்ட்டும் பயிற்சியும் வேண்டும்.

மாத்திரையை அரசாங்கம் இலவசமாய்க் கொடுக்கிறதே, எங்கள் காணிக்கை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1956-ல் சென்னையில் தொடங்கின ஆராய்ச்சி, நுரையீரல் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் சானடோரியத்தில் இருந்தவர்களைப்போலச் சுகமாவார்கள் என்று 1959-ல் காட்டியது. இன்று நம் நோயாளிகளும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிறார்கள். அந்த வீட்டில் கூலி நின்றிருக்கும். வீக்கம் வடிந்ததும் சுகமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தி வேலைக்குப் போக மனம் இழுக்கும். நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காமலும் போகலாம். உங்கள் காணிக்கை பயிற்சிக்கு வரப் பேருந்துக் கட்டணமாகவும், வீட்டுக்கு அரிசி பருப்பாகவும் போய், அந்தக் கடைசி மாதங்களைத் தாங்குகிறது.

இன்னொன்று. நுரையீரலில் நோய் இல்லாதவரின் கையைத் தொடுவதால் காசநோய் ஒட்டாது. ஆனாலும் சேலை முந்தானையில் கையை மறைத்துக்கொண்டு ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள் உண்டு. ஆண்டவரோ அம்மனிதனை எல்லாருக்கும் நடுவே எழுந்து நிற்கச் செய்தார். கையை நீட்டச் சொன்னார். நீட்டப்படும் அந்தக் கையைப் பற்றிக்கொள்ள நம்முடைய கையும் நீளட்டும். ஜெபத்தில் எங்களைத் தாங்குங்கள். ஆமென்.