விருந்தினர்க்கு நன்றியும் ஊர்க்குச் செய்யும் கடனும்

(நாகப்பட்டினத்தில் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் நடத்திவரும் கடலுணவுப் போஜனசாலையின் ஆண்டு விழாவில், வாடிக்கையாளரையும் சங்கத்தாரையும் நோக்கிச் செய்யப்பெற்ற பிரசங்கம்.)



இப்போஜனசாலையின் முதலாளி எனக்கு மைத்துனர் முறையினர். அவரைப் புகழ்ந்தால் உறவு பேசுகிறது என்பீர்கள். குறை கூறினால் பழைய மனஸ்தாபம் என்பீர்கள். இரண்டிற்கும் துணிந்தே எழுந்திருக்கிறேன்.

அழைப்பிதழில் உங்களை ‘விருந்தினர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். நீங்களோ இருபது வருஷங்களாக இதே பலகையில் அமர்ந்து வஞ்சிரமும் சங்கராவும் உண்டு, கையலம்பி, காசு கொடுத்துச் சென்றவர்கள். காசு கொடுத்து உண்பவனை விருந்தினன் என்பது உபசார வார்த்தையேயன்றி உண்மை வார்த்தையன்று. ஆயினும் இவ்வூரில் ஒரு காலத்தில் காசு கொடுத்து மீன் உண்டதே பெரும் உபகாரமாயிருந்தது. இளைஞர் பலர் அதனை அறியாராதலின் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் புகுந்தது. இம்மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டுவதில்லை. இங்கிருப்போரில் அன்று ஒருவரையேனும் இழவாத வீடு சிலவே. படகும் வலையும் போயின. எஞ்சிய சிலர் சில வாரங்கள் கழித்துத் துணிந்து கடலுக்குச் சென்று மீன் கொணர்ந்தபோது, அதனை வாங்குவார் இல்லை. ‘பிணந்தின்ற மீன்’ என்று ஒரு பேச்சு ஊரூராய்ப் பரவிவிட்டது. மீன் உண்ணத்தக்கதே என்று அதிகாரிகள் அறிவித்தும் ஜனங்கள் நம்பவில்லை. கடல் ஒருமுறை கொன்றது. இந்தப் பேச்சு எஞ்சினவர்களைப் பட்டினியால் கொல்லப் பார்த்தது.

என் சிறிய தாயார் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் தெருத்தெருவாய்த் திரிந்தார். வழக்கமாக வாசலில் நின்று விலை பேசுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டனர். மூன்றாம் நாள் மாலையில் அம்மீனை மணலிலே புதைத்துவிட்டு வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் கூடையைக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கூடையைக் கவிழ்த்த ஓசை இன்னும் என் செவியில் இருக்கிறது.

அக்காலத்தில் இப்போஜனசாலை ஓலைக் கொட்டகை. அடுப்பு மூட்டுவதா, மூடிவிடுவதா என்று இவர் தயங்கியிருந்த ஒரு நாள், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மனைவியோடும் பேரனோடும் வந்து அமர்ந்து, தெருவிலே போவோர் காணும்படி முன்பலகையில் இலை போடச்சொல்லி, மீன்குழம்பு கேட்டு உண்டார். மறுநாளும் வந்தார். பிறகு அவருடைய பழைய மாணாக்கர் இருவர் வந்தனர். இவ்வாறாக ஒருவரைக் கண்டு ஒருவர் அச்சம் நீங்கினர். என் சிறிய தாயாரின் கூடை நிமிர்ந்தது அதன் பின்னர்தான். ஆகவே இன்று இம்மைத்துனர் உங்களுக்கு அரைவிலையில் உணவளிப்பது சலுகையன்று. பழங்கடனின் வட்டி, முதல் இன்னும் அடைபடவில்லை.

இனித் தருமத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். கணக்குப் பெட்டியருகே ஓர் உண்டியல் வைத்து, ‘எங்கள் தருமம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதில் விழுகிற காசு யாருடையது? உண்டவர்களுடையது. பிறர் காசைப் பெற்றுப் பிறர்க்குக் கொடுத்துவிட்டுப் பெயரைத் தாம் வைத்துக்கொள்ளுவது நியாயமாகத் தோன்றவில்லை. உண்டியல் இருக்கட்டும்; எழுத்தை மாற்றுக. அதனுடன் கடையின் பங்கு தனியே வரவேண்டும்.

அந்தப் பங்கு எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்பதில் நாம் நாடார் சகோதரர்களிடம் கற்கத்தக்கது உண்டு. அவர்களுடைய வர்த்தகர்கள் மகமை என்று ஒன்றை வைத்தார்கள். சரக்கு வாங்கினாலும் விற்றாலும் அதற்கு இவ்வளவு என்று பொதுநிதிக்குச் சேர்ந்துவிடும். லாபத்தில் பங்கு என்றால் லாபம் வந்ததா என்று வருஷக்கடைசியில் வாதம் எழும். லாபத்தை மறைக்கக் கணக்கனுக்குத் தெரியும். விற்பனையை மறைப்பது அவ்வளவு எளிதன்று. விருதுநகரில் பெண்மக்கள் சமைக்கும்போது நாள்தோறும் எடுத்து வைத்த ஒரு பிடி அரிசியும் பள்ளிக்கூடத்துக்கு உதவிற்று. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததே. நம்மிலும் தலைக்கட்டு வரி உண்டு; திருவிழாவுக்கு அதனைத் தவறாமல் வசூலிக்கிறோம். ஆனால் பல ஊர்களில் விதவையின் குடும்பத்தை முழுத் தலைக்கட்டாக எண்ணாத வழக்கமும் நம்மிடம் உண்டு. 2005-ல் நிவாரணப் பொருள் பங்கிட்டபோது அவ்வழக்கத்தால் சிலர் வெறுங்கையோடு திரும்பியதைக் கண்டவன் நான். இதைக் கேட்டுச் சிலர் முகஞ்சுளிப்பதையும் காண்கிறேன். சுளிக்கட்டும்.

மற்றொன்று. இக்கடைக்கு மீன் கொடுக்கும் பெண்கள் பத்துப் பேருக்குமேல் இருப்பர். அவர்களுக்குச் சேரவேண்டிய பணம் சில சமயம் பதினைந்து நாள் தங்கிவிடுகிறது. அவர்களோ விடியற்காலையில் ஏலக்கூடத்தில் கைக்காசு கொடுத்தாக வேண்டும். இல்லாவிடில் வட்டிக்காரனிடம் போகவேண்டும். அவர்கள் கட்டும் வட்டியில் நாம் அநாதை இல்லத்துக்குப் பாயசம் வழங்குவோமாயின், அந்தப் பாயசம் யாருடைய தருமம்? இதனைத் தனியே சொல்லியிருக்கலாம் என்று முதலாளி நினைக்கலாம். தனியே இரண்டு முறை சொன்னேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது. மீன் இனம் பெருகவேண்டி 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. தடை நல்லதே, சினைமீனைக் காப்பது நம் பேரப்பிள்ளைகளுக்குச் சேர்க்கும் ஆஸ்தி. படகுக்காரருக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது. ஆனால் துறைமுகத்தில் மீன் அரிந்தும் இறால் உரித்தும் கூலி பெறுகிற கிழவிகளுக்கு அந்நாட்களில் அடுப்பெரிவது கஷ்டம். இக்கடையின் தருமம் தூரத்தில் தேடித் திரிய வேண்டாம். கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் அவர்கள் நிற்கிறார்கள். நாட்டுப்படகுகள் கொணரும் மீனைத் தடைக்காலத்தில் நல்ல விலைக்கு வாங்குவதும், குஞ்சு மீனை எக்காலத்தும் வாங்காதிருப்பதும் இதனோடு சேர்ந்தவையே. தடைநாளில் ‘வஞ்சிரம் இல்லை’ என்று பரிசாரகர் சொன்னால் விருந்தினராகிய நீங்களும் கோபியாமல் நெத்திலியை உண்ணுங்கள்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு பிரேரணையை வைக்கிறேன். நம் அங்கத்தினர் நடத்தும் உணவுக்கடைகள் ஒவ்வொன்றும் நூறு ரூபாய் விற்பனைக்கு ஒரு ரூபாய் வீதம் தனிப்பெட்டியில் போடவேண்டும். மாதந்தோறும் தொகை இவ்விதழில் வெளிவரவேண்டும். தடைக்கால 61 நாளும் மீன் அரியும் பெண்களுக்கு அதிலிருந்து அரிசி வழங்கவேண்டும். பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும் ஐவரில் மூவர் பெண்களாயிருக்கவேண்டும். முதலாளி இப்போதே தலையசைத்துவிட்டார். அதனை அக்கிராசனர் அவர்கள் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். ஆமோதிப்பதற்கு என் சிறிய தாயார் எழுந்திருக்கிறார், அவர் பேசட்டும்.