தேத்தண்ணி குடிக்கவும் உரிமை வேண்டும்

(தேயிலை தினக் கூட்டத்தில் சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



தேயிலை தினம் என்றால் மேடையில் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அதைப் பேச மற்றத் தோழர்கள் இருக்கிறார்கள். நாம் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது தேத்தண்ணியை. சிலர் சிரிக்கிறீர்கள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த நமக்குத் தேத்தண்ணியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கொஞ்சம் இருக்கிறது, கேளுங்கள்.

டிசம்பர் 15ஐத் தேயிலை தினமாக்கியது கம்பனிகள் அல்ல. தேயிலை விளையும் நாடுகளின் தொழிற்சங்கங்கள்தான் 2005ல் புதுடில்லியில் அதைத் தொடங்கின. பிறகு 2019ல் ஐக்கிய நாடுகள் சபை மே 21ஐ அறிவித்தது. எந்தத் தேதியில் கொண்டாடினாலும், இந்த நாள் முதலில் தொழிலாளியின் நாளாகத்தான் பிறந்தது.

நமது லயங்களில் வீட்டுக்கு வீடு தேத்தண்ணி வேறு. தாத்தாமாருக்குச் சாயம் கறுக்க வேண்டும், கோப்பையில் சீனி போடக்கூடாது. உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார்கள். கையில் கருப்பட்டித் துண்டு கிடைத்தால் அது பெருநாள். மார்கழிக் குளிரில் அம்மாமார் இஞ்சியைத் தட்டிப் போடுவார்கள். சளி பிடித்தால் கொத்தமல்லித் தண்ணி. பிள்ளைகளுக்கு ரொட்டியை முக்கித் தின்னத் தேத்தண்ணி வேண்டும். இளையவர்களுக்குப் பால்மா போட்டு நுரை வர ஆற்றித் தர வேண்டும்.

உள்ளங்கைச் சீனிப் பழக்கம் வறுமையில் வந்தது. கோப்பைக்குள் கரைத்தால் மூன்று கரண்டி கேட்கும் நாக்கு, கையில் வைத்து நக்கினால் ஒன்றோடு அடங்கிவிடும். 2022ல் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோது பல வீடுகள் மறுபடி சாயத்தண்ணிக்கே திரும்பின. சீனி வியாதி பெருகியிருக்கும் இந்தக் காலத்தில் தாத்தாவின் பழக்கத்தைக் கேலி செய்ய வேண்டாம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில்தான் ஒரு கிலோ தூள் வரும். ஒருத்தி ஒரு நாளில் 18 கிலோ கொழுந்தெடுத்தால் அது 4 கிலோ தூள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 2000 கோப்பைத் தேத்தண்ணி. நம்மில் ஒரு பெண் ஒரு நாளில் இரண்டாயிரம் பேருக்குத் தேத்தண்ணி தருகிறாள்.

அவள் குடிப்பது எப்படி? விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறாள். புருஷனுக்கு, மாமனாருக்கு, பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்கிறாள். கடைசியில் அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி, நிறம் மட்டும் உள்ளதை நின்றபடியே வாயில் ஊற்றிக்கொண்டு மலைக்கு ஓடுகிறாள். நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. வீட்டுக்கு வந்த தூளிலும் நல்ல சாயம் மற்றவர்களுக்குப் போகிறது.

மலையில் என்ன நடக்கிறது? போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோகிற பெண்கள் பலர் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். தாகம் இல்லாமல் அல்ல. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் இல்லை. ஆண்கள் ஒரு மரத்தடியில் நின்றுவிடுவார்கள். பெண் என்ன செய்வாள்? இடுப்பில் படங்கும், தலையில் கூடைக் கயிறும், காலில் அட்டையுமாக எந்தப் புதருக்குள் போவாள்? மாதவிலக்கு நாட்களில் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். அதனால் காலையில் இருந்து மாலை நிறுவை வரை அடக்கிக்கொண்டே இருக்கிறாள். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்தால் எரிச்சலும் கிருமித் தொற்றும் வரும். இதைக் கிளினிக்கில் சொல்லக்கூட நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. நம் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம். ரொட்டி, பருப்பு, கீரை தின்னும்போதே கடுப்பான தேத்தண்ணி குடித்தால், அந்தச் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறைந்துபோகும். தேயிலையின் துவர்ப்புதான் காரணம். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அது நம்மால் முடியாத காரியம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், அது இரும்பைச் சேர்க்க உதவும். கர்ப்பிணிப் பிள்ளைகள் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், தண்ணீரோடு விழுங்குங்கள். இதை வீட்டு மாமியார்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் மருமகளுக்குக் குளிசையோடு தேத்தண்ணியை நீட்டுவது அநேகமாக அவர்களின் அன்பான கைதான்.

தோழர்களே, நாம் கேட்பது மூன்று.

முதலாவது நிர்வாகத்திடம். கொழுந்தெடுக்கும் ஒவ்வொரு மலைக்கும் கிட்டத்தில் பெண்களுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும். கொழுந்து மடுவத்தில் கொதித்த தண்ணீர் வேண்டும். தேத்தண்ணி நேரத்துக்கு உட்கார்ந்தவளைக் கிலோ குறைந்ததென்று ஏசக்கூடாது.

இரண்டாவது நமது சங்கத்திடம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இது கடைசிப் பக்கத்தில் எழுதி, நேரம் இல்லை என்று விட்டுவிடும் கோரிக்கையாக இருக்கக்கூடாது. அந்த மேசையில் கொழுந்தெடுக்கிற பெண்ணும் உட்கார வேண்டும்.

மூன்றாவது வீட்டு ஆண்களிடம். இதற்குச் சட்டமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். வாரத்தில் சில நாளாவது நீங்கள் முதலில் எழும்பி அடுப்பை மூட்டுங்கள். முதல் சாயத்தில் முதல் கோப்பையை அவளுக்குக் கொடுங்கள். அவள் உட்கார்ந்து, சூடாக, முழுவதும் குடிக்கட்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு மாதர் தலைவியும் தன் டிவிஷனில் எந்த மலையில் கழிப்பறை இருக்கிறது, எதில் இல்லை, இருப்பதில் எது பூட்டிக் கிடக்கிறது என்று எண்ணி எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தக் கணக்கை முன்னால் வைத்துப் பேசுவோம். இரண்டாயிரம் கோப்பை கொடுக்கிறவள் தன் ஒரு கோப்பையைப் பயமில்லாமல் குடிக்க வேண்டும்.