மூன்றடியில் ஒரு தாய்வீடு
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராய்க் காலங்கழிப்பவன் யான். ஆயினும் கவிதைப் பற்றினால் ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சில கூறத் துணிந்தேன்.

கி.பி. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘மன்யோஷூ’, நம் எட்டுத்தொகையைப் போன்ற பழந்தொகை. அதில் ஏறத்தாழ 4,500 பாடல்கள் உள. அரசர் பாடியனவும் உண்டு. ஊரைப் பிரிந்து எல்லைகாக்கச் சென்ற எளிய வீரர் பாடியனவும் உண்டு. பிழைப்புக்காகப் பொம்மசந்திராவிற்கு வந்த நமக்கு அவ்வீரர் குரல் அயற்குரலாகுமோ?

31 அசை கொண்ட ‘தன்கா’ பல நூற்றாண்டுகள் கோலோச்சியது. பின்னர்த் தொடர்பாட்டின் தலைப்பகுதியான 17 அசை தனித்து நின்றது. அதற்கு ஆழம் தந்தவர் பாஷோ (1644–1694); ‘ஹைக்கூ’ என்னும் பெயரை நிலைநாட்டியவர் ஷிகி (1867–1902). பருவத்தைச் சுட்டும் சொல் அதில் அமைவது மரபு. நம் அகப்பாட்டின் முதற்பொருளும் கருப்பொருளும் நினைவிற்கு வருகின்றன அல்லவா? இருபதாம் நூற்றாண்டில் பேச்சுமொழிப் புதுக்கவிதையும் அங்கே தழைத்தது.

1916-இல், புதுவையில் வாழ்ந்த பாரதியார் இக்கவிதையின் சுருக்கத்தை வியந்து ‘சுதேசமித்திர’னில் எழுதினார். 1984-இல் அமுதபாரதியின் ‘புள்ளிப்பூக்கள்’ என்னும் ஹைக்கூ நூல் வெளிவந்தது.

அன்பர்களே! பாட்டி எழுதிய கடிதத்தை என் மகளுக்கு யானே படித்துக்காட்ட நேர்ந்தது. அவள் தமிழ் பேசுவாள், எழுத்தறியாள். அன்று என் தலை கவிழ்ந்தது. காப்பியம் கற்பிக்க நமக்கு ஓய்வில்லை. மூன்றடி கற்பிக்கவுமா ஓய்வில்லை? அடுத்த விழாவிற்குள் வீட்டுக்கொரு குழந்தை தன் கையால் மூன்றடி தமிழில் எழுதட்டும். என் மகள் நேற்றுத் தொடங்கிவிட்டாள்.