மாணவ ஆசிரியரும் மின் தொகுப்பேடும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் நமக்கு அளிக்கப்பட்டிருக்கும் தலைப்பு சிறியதாகத் தோன்றலாம். பி.எட். பயிலும் ஒருவர் தம் மின் தொகுப்பேட்டை எவ்வாறு உருவாக்குவது, எவ்வாறு ஒப்படைப்பது என்பதே அது. கல்லூரி கேட்கிறது, பிள்ளைகள் கொடுக்கிறார்கள். இதில் மேடையேறிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் மக்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு ஏடு என்பது சிறிய செய்தியன்று.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர், நம் மக்களின் நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அவ்வாறு வந்த பஞ்சமி நிலங்களில் எத்தனை இன்று நம் கையில் உள்ளன? நிலத்தை உழுதவர் நாம். ஏட்டை எழுதியவரும் வைத்திருந்தவரும் பிறர். ஏட்டில் நம் பெயர் அழிந்தபோது, நிலமும் அழிந்தது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் அவர்கள் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். நம்மைப் பற்றி நாமே எழுதவேண்டும் என்பது அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்கிறார்கள். அவர்கள் செய்யும் பணிக்கு அவர்களே எழுதி, அவர்களே வைத்திருக்கும் சான்றுதான் தொகுப்பேடு. ஆகவேதான் இத்தலைப்பை நாம் மகிழ்வோடு ஏற்றோம்.

பி.எட். படிப்பு 2015-16ஆம் கல்வியாண்டு முதல் ஈராண்டாக்கப்பட்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், முதலாண்டில் 4 வாரமும் இரண்டாமாண்டில் 16 வாரமுமாக 20 வாரம் பள்ளியோடு இணைந்த பயிற்சியை வகுத்தன. பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காட்டு வருகையை வேண்டின. உற்றுநோக்கல் பதிவு, நாட்குறிப்பு, மீள்சிந்தனைக் குறிப்பு ஆகியவற்றை அகமதிப்பீட்டிற்கு உரியவையாகக் காட்டின. இவற்றையெல்லாம் கணினி வழியே ஒருங்கே திரட்டி, தேர்ந்து, அடுக்கி அளிப்பதே மின் தொகுப்பேடு.

இங்கே நம் குறை ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாம் பி.எட். பயின்ற காலத்தில் ரெக்கார்டு நோட்டு எழுதுவது பெரும் சடங்கு. மூத்தவர் எழுதிய நோட்டை இரவல் வாங்கி வரிக்கு வரி பெயர்த்து எழுதினோம். படங்களைக் காசு கொடுத்து வரையச் செய்தோம். மதிப்பெண்ணும் பெற்றோம். ஒப்படைத்த நோட்டுகள் கல்லூரியின் மூலையறையில் சில ஆண்டுகள் கிடந்து, பின்னர் பழைய காகிதமாக எடைக்குப் போயின. நம் முதல் வகுப்பு எப்படி நடந்தது, அன்று எந்தப் பிள்ளை என்ன கேட்டது என்பதற்கு ஒரு வரியும் இன்று நம்மிடம் இல்லை. பிறர் எழுதியதைப் பெயர்த்ததனால் கற்கவில்லை. பிறரிடம் கொடுத்துவிட்டதனால் காக்கவும் இல்லை. இவ்விரண்டு இழப்பும் நம் பிள்ளைகளுக்கு நேரலாகாது.

ஆனால் அன்று நோட்டில் நடந்தது இன்று கணினியிலும் நடக்கிறது. தொகுப்பேட்டை முழுவதுமாகச் செய்து தரும் கடைகள் உண்டு. பெயரையும் பதிவெண்ணையும் மாற்றினால் போதும். வாய்மொழித் தேர்வில், "இந்த விடைத்தாளில் இப்பிள்ளை ஏன் இப்படி எழுதியது?" என்று ஒரு கேள்வி கேட்டால் விலைக்கு வாங்கியவர் வாயடைத்து நிற்பார். அதனினும் பெரிய இழப்பு, நாளை தமக்கென ஒரு வகுப்பறை கிடைக்கும்போது, திருத்திக்கொள்ளத் தெரியாத ஆசிரியராக அவர் நிற்பதே.

ஆகவே, தொகுப்பேட்டின் உயிர் எது என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறோம். நம் சமூகத்து மாணவி ஒருவர், பயிற்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திவிட்டு, தம் குறிப்பை நம்மிடம் காட்டினார். "பாடம் சிறப்பாக அமைந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்" என்று எழுதியிருந்தார். உடன் இருந்த விடைத்தாள்களைப் பார்த்தோம். 32 பிள்ளைகளில் 19 பேர், நான்கில் ஒன்றைவிட எட்டில் ஒன்று பெரியது என்று எழுதியிருந்தார்கள். "அம்மா, இந்த 19 தாள்களும் வேறு கதை சொல்லுகின்றனவே?" என்றோம்.

அம்மாணவி சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, "ஐயா, தோற்ற பாடத்தைக் காட்டினால் மதிப்பெண் குறையாதா? மற்றவர் காட்டினால் அது பயிற்சி. நான் காட்டினால், இடஒதுக்கீட்டில் வந்தவள் இவ்வளவுதான் என்று சொல்லமாட்டார்களா?" என்று கேட்டார்.

இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்று பொய் சொல்லி இளைஞரைத் தேற்றுவது நம் வேலையன்று. நாம் சொன்ன மறுமொழி இதுதான்: "தவற்றை மறைத்தால், உன்னைப் பற்றி அவர்கள் சொல்லும் சொல் மட்டுமே நிற்கும். தவற்றைக் கண்டதையும், காரணம் அறிந்ததையும், திருத்தியதையும் சான்றோடு வைத்தால், உன் சொல்லும் நிற்கும். சான்றோடு நிற்கும் சொல்லை வெல்வது அரிது."

மறுநாள் அவர் ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒன்றை நான்காகவும் மற்றொன்றை எட்டாகவும் மடித்து ஒப்பிடச் செய்தார். மீண்டும் வினவியபோது தவறியவர்கள் 6 பேர். பிறகு தம் குறிப்பை இவ்வாறு மாற்றி எழுதினார்: "நான்கைவிட எட்டு பெரியது என்று பிள்ளைகள் முன்பே சரியாகக் கற்றிருந்தார்கள். அந்த அறிவையே பின்னத்திற்கும் கொண்டுவந்தார்கள். நான் விதியைக் கரும்பலகையில் எழுதினேன்; முழுப்பொருளை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. இன்னும் 6 பேருக்கு வேறு வழி தேடவேண்டும்." முதல் பாடக்குறிப்பு, பெயர் மறைத்த ஒரு விடைத்தாள், திருத்திய பாடக்குறிப்பு, பட்டைகளின் படம், இந்த மீள்சிந்தனை ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கமாயின. நூறு அலங்காரப் படங்களைவிட இந்த ஒரு பக்கம் ஆசிரியரைக் காட்டும்.

இனி, செய்முறையைச் சுருங்கச் சொல்கிறோம்.

முதலாவது, பயிற்சியின் முதல் நாளிலேயே தொடங்குங்கள். உங்கள் பெயரில் உங்களுக்கே உரிய மின்னஞ்சல் கணக்கு இருக்கட்டும். கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கும், நண்பரின் கணக்கும் வேண்டா. பிரவுசிங் சென்டரில் பயன்படுத்தினால், வெளியேறிவிட்டோமா என்று பார்த்த பின்னரே நாற்காலியை விட்டு எழுங்கள். கடவுச்சொல் உங்கள் வீட்டுச் சாவி.

இரண்டாவது, கணினி இல்லையே என்று கலங்க வேண்டா. தாளை நிழல் விழாத வெளிச்சத்தில் வைத்துக் கைபேசியால் ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்கலாம். கூகுள் கணக்கு ஒன்றுக்குக் கட்டணமின்றி 15 ஜி.பி. இடம் கிடைக்கிறது. உற்றுநோக்கல், பாடக்குறிப்பு, துணைக்கருவி, பிள்ளைகளின் ஆக்கம், அடைவுத் தேர்வு, வழிகாட்டி ஆசிரியரின் கருத்து, மீள்சிந்தனை எனத் தனித்தனி அடைவுகளில், நாளும் வகுப்பும் கோப்பின் பெயரிலேயே தெரியுமாறு வையுங்கள். அன்றன்று இரவு பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது, சேர்த்தவை அனைத்தையும் ஒப்படைக்காதீர்கள். சேர்ப்பது நிறைய இருக்கட்டும். காட்டுவது தேர்ந்ததாக இருக்கட்டும். ஒவ்வொரு சான்றின் கீழும், இதை ஏன் வைத்தேன், இதனால் என்ன கற்றேன் என்று நான்கு வரி எழுதுங்கள்.

நான்காவது, தமிழை ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். தமிழக அரசு 2010லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் குறிகளாகச் சிதறி நிற்கும்.

ஐந்தாவது, பிள்ளைகளின் மானம் காக்கப்பட வேண்டும். முகமும் பெயரும் தெரியும் படத்தைப் பெற்றோர் இசைவும் பள்ளியின் இசைவும் இன்றி வைக்கலாகாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகக் கொண்டு, அவர்தம் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை வேண்டுகிறது. கையெழுத்தையும், கைகள் செய்த பொருளையும் படமெடுத்தாலே சான்று நிறையும். தனியாள் ஆய்வு எழுதுகையில், "இம்மாணவன் இன்ன சாதி, ஆகவே படிப்பில் பின்தங்கியவன்" என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அவ்வரியால் அடிபட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் கையால் அவ்வரி எந்தக் குழந்தையின் மீதும் விழலாகாது. காலையில் அவன் உண்டானா, வீட்டில் விளக்குண்டா, எந்த எழுத்தில் தடுக்கினான் என்பதைக் கண்டு எழுதுவதே ஆய்வு.

ஆறாவது, ஒப்படைப்பு. கெடு நாளுக்கு மூன்று நாள் முன்பே முடியுங்கள். கடைசி இரவில் எல்லோரும் ஏற்றும்போது இணையம் நம்மைக் காத்து நிற்காது. இணைப்பு முகவரியை அனுப்புபவர்கள் பலர், பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட மறந்துவிடுகிறார்கள். உழைப்பெல்லாம் உள்ளே இருக்க, தேர்வாளர் பூட்டிய கதவைக் காண்பார். ஆதலால், உங்கள் கணக்கு இல்லாத வேறொரு கைபேசியில் அம்முகவரியைத் திறந்து பாருங்கள். மாற்றம் செய்யும் உரிமையைக் கொடாமல், பார்க்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். ஏற்றியதற்கான ஒப்புகையைப் படமெடுத்து வையுங்கள். "வரவில்லை" என்று யாரேனும் சொன்னால், கெஞ்ச வேண்டிய தேவையின்றி அதைக் காட்டலாம். இறுதியாக, முழுத் தொகுப்பின் படி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள். கல்லூரி கொடுத்த கணக்கு, படிப்பு முடிந்தபின் மூடப்படலாம்.

கழக உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணி தொடங்கியபோது, பிள்ளைகளுக்குப் பள்ளியும் இருப்பிடமும் முதல் தேவைகளாக இருந்தன. இன்று அவற்றோடு, ஒரு கணினியும், ஓர் அச்சுப்பொறியும், தடையற்ற இணையமும், ஞாயிற்றுக்கிழமைகளில் அருகிருந்து படித்துப் பார்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும் தேவைப்படுகிறார்கள். வெள்ளிவிழாவின் நினைவாக நம் கழகக் கட்டடத்தில் அதற்கென ஓர் அறையை ஒதுக்குவீர்களாக. திருத்திக் கொடுக்க அல்ல. கேள்வி கேட்க ஆள் வேண்டும். அந்த மாணவிக்கு உதவியது நம் கணினி அறிவன்று. 19 விடைத்தாள்களைப் பற்றிய ஒரு கேள்விதான்.

இளைஞர்களே! நாங்கள் எடைக்குப் போன நோட்டுகளின் தலைமுறை. நீங்கள் அப்படி ஆக வேண்டா. நீங்கள் நடத்திய பாடமும், தவறிய இடமும், திருத்திய வழியும் உங்கள் எழுத்தில், உங்கள் கையில் இருக்கட்டும். பத்தாண்டு கழித்து இக்கழகத்திலிருந்து பயிற்சிக்குச் செல்லும் ஒரு தங்கை, "அக்கா, உங்கள் முதல் வகுப்பு எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது, எடுத்துக் காட்ட உங்களிடம் ஏடு இருக்க வேண்டும்.