திடீர்ப் பணமும் இளம் கிரிக்கெட் வீரர்களும்

(நம் சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ஓய்வுக்காலத்தில் ஆரோக்கியம்" என்று செயலாளர் எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த ஹாலில் நிறையப் பேர் உண்டு. காலையில் நான் நடக்கப் போகும்போது அவர்கள் நடந்து முடித்துத் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் தணிக்கைத் துறையில் இருந்தவன் நான். எனக்கு ஓரளவு தெரிந்தவை இரண்டு: ஒன்று கணக்கு, இன்னொன்று கிரிக்கெட். இரண்டையும் சேர்த்து இன்று பேசுகிறேன்.

பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் மட்டும் ஆறு பையன்கள் தோளில் பெரிய பையைச் சுமந்துகொண்டு விடியற்காலையில் அகாடமிக்குப் போகிறார்கள். அதில் ஒரு குடும்பம், நம்மவர்கள்தான், பையனை எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து எடுத்துவிடலாமா என்று என்னிடம் அபிப்ராயம் கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா யாராவது இப்படிக் கேட்டிருந்தால் தாத்தா பேசவே விட்டிருக்க மாட்டார். இன்று தாத்தாவும் கூடவே உட்கார்ந்து தலையாட்டுகிறார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 20 வயது பிரசாந்த் வீர், 19 வயது கார்த்திக் சர்மா இருவரையும் ஆளுக்கு 14.2 கோடி ரூபாய்க்குச் சென்னை அணி எடுத்தது. இருவருமே அதுவரை இந்தியாவுக்காக ஓர் ஆட்டமும் ஆடாதவர்கள்.

14.2 கோடி என்றால் எவ்வளவு? பழக்க தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரஞ்சி டிராபியில் புதிதாக ஆடுகிறவருக்கு 2021 முதல் ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். நான்கு நாள் ஆட்டத்துக்கு 1.6 லட்சம். வருஷத்துக்கு ஏழு லீக் ஆட்டம் ஆடினால், இந்த ஒரு சீசன் தொகையைச் சம்பாதிக்க நூற்றிருபத்தாறு வருஷத்துக்கு மேல் ஆகும்!

நம் தலைமுறைக்கு 1983 ஞாபகம் இருக்கும். உலகக் கோப்பையை ஜெயித்து வந்தவர்களுக்குப் பரிசு கொடுக்க வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டில்லியில் கச்சேரி செய்து கொடுத்தார். ஆளுக்கு ஒரு லட்சம் கிடைத்தது. வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த் இருவரும் கிண்டியில் எஞ்சினீயரிங் படித்தவர்கள். ஸ்ரீநாத்தும் கும்ப்ளேயும் எஞ்சினீயர்கள். மற்றவர்களில் பலருக்கு வங்கியிலோ ரயில்வேயிலோ ஏர்லைன்ஸிலோ உத்தியோகம். தோனியே கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்தானே! ஆட்டம் போனாலும் முதல் தேதி சம்பளம் வரும், பி.எஃப். பிடித்திருப்பார்கள். 2008 பிப்ரவரி 20-ஆம் தேதி மும்பையில் முதல் ஏலம் நடந்தபோது அதே தோனி 15 லட்சம் டாலருக்குப் போனார். 19 வயது இஷாந்த் சர்மா 9.5 லட்சம் டாலருக்குப் போனார். அன்றோடு அந்தப் பழைய ஏற்பாடு முடிந்தது. இன்றைய இளைஞர் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் டாக்டர், வக்கீல் மாதிரி ஒரு தொழில்முறையாளர். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை.

ஏல விலை எப்படி ஏறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவரின் திறமையை அளந்து யாரும் விலை வைப்பதில்லை. அந்த நிமிஷத்தில் இரண்டு அணிகளுக்கு ஒரே மாதிரி ஆள் தேவைப்பட்டால் விலை ஏறும். ஒன்று பின்வாங்கினால் நின்றுவிடும். 2016-ல் பவன் நேகியை டில்லி அணி 8.5 கோடிக்கு எடுத்தது. அடுத்த வருஷம் பெங்களூர் அணி எடுத்தது 1 கோடிக்கு. ஒரே வருஷத்தில் ஒருவருடைய திறமை எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுமா?

இந்த இடத்தில் வரி விஷயத்தைச் சொல்லாவிட்டால் என் உத்தியோகத்துக்கு நியாயம் செய்ததாகாது. 3 கோடி ரூபாய்க்கு ஒரு பையன் எடுக்கப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அணி 10 சதவீதம், அதாவது 30 லட்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. அவன் கணக்கில் தவணை தவணையாக 2.7 கோடி வந்து சேர்கிறது. வரி பிடித்தாயிற்று என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதப்படி, செலவுக் கழிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து அவன் கட்ட வேண்டியது சுமார் 1.11 கோடி. இன்னும் 81 லட்சம் பாக்கி! முன்கூட்டிய வரியின் முதல் தவணை ஜூன் 15. ஆட்டம் முடிவதோ மே கடைசியில். இடையில் ஒரு காரும், அத்தை பெண் கல்யாணமும், ஊரில் ஒரு மனையும் வந்துவிட்டால் ஜூனில் என்ன செய்வான்? இதைச் சொல்லித்தர ஒரு ஆடிட்டர் வேண்டும். நமக்கெல்லாம் உறவில் ஒருவராவது ஆடிட்டர் இருப்பார். அவனுக்கு?

பின்னணி என்று நான் சொல்வது இதைத்தான். "படிப்பில்லாத குடும்பம், பணத்தைப் பார்த்ததில்லை, வந்தால் தாங்காது" என்று நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2017 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் பக்கத்தில் சின்னப்பம்பட்டி என்ற கிராமத்திலிருந்து நடராஜன். அப்பா நெசவுக்கூடத்தில் தினக்கூலி, அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை. 10 லட்சம் ஆரம்ப விலை, 3 கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது. அதே நாளில் ஹைதராபாத் ஆட்டோ டிரைவர் ஒருவரின் மகன் முகமது சிராஜை 2.6 கோடிக்கு அந்த ஊர் அணி எடுத்தது. இரண்டு வீடுகளிலும் முதலில் வந்தது சொந்த வீடு. நடராஜனுக்கு அந்த சீசன் சரியாக அமையவில்லை, முழங்கையில் காயம் வேறு. 2018-ல் அவர் விலை 40 லட்சம். அடுத்த இரண்டு சீசன் மைதானத்தில் இறங்கவே வாய்ப்பில்லை. ஆனால் அதற்குள் அவர் கூடப் பிறந்தவர்கள் படிப்பைப் பார்த்துக்கொண்டு, தன் கிராமத்தில் பயிற்சிக்கூடமும் ஆரம்பித்திருந்தார். தன்னைக் கண்டெடுத்து வளர்த்தவரின் பெயரின் முதலெழுத்துகளைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடியவர் அவர். அப்படி ஒரு அண்ணா பக்கத்திலேயே இருந்தது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் நடராஜன் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். சிராஜ் இரண்டாவதில் ஐந்து. சிராஜின் தகப்பனார் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் காலமாகியிருந்தார். பையன் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டார். 2023-ல் சின்னப்பம்பட்டியில் நடராஜன் ஒரு மைதானமே கட்டித் திறந்தார்.

அலிகாரில் காஸ் சிலிண்டர் போடுகிறவரின் மகன் ரிங்கு சிங், 2018-ல் 80 லட்சம் வந்ததும் முதலில் குடும்பக் கடனை அடைத்தார். பிற்பாடு ஏழைப் பையன்கள் தங்கி ஆட ஹாஸ்டல் கட்டினார். மகனுக்குப் பெயர் வந்த பிறகும் அப்பா சிலிண்டர் தூக்கிப் போகும் காட்சி 2024-ல் ஊரெல்லாம் பரவியது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. ஜெய்ப்பூரில் கம்பித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன் நாது சிங்கை 2016-ல் மும்பை அணி 3.2 கோடிக்கு எடுத்தது. அந்த அணிக்காக அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அடுத்த வருஷம் 50 லட்சம். ராஞ்சி விமான நிலையத்தில் காவலராக இருந்த முன்னாள் ராணுவ வீரரின் மகன் ராபின் மின்ஸ், 2023 டிசம்பரில் 3.6 கோடிக்குப் போனார். சீசன் தொடங்குவதற்கு முன், 2024 மார்ச்சில், பெரிய மோட்டார் சைக்கிளில் போகும்போது விபத்து. அந்த வருஷம் முழுக்கப் போயிற்று. அடுத்த ஏலத்தில் 65 லட்சம். பையன் பைக் வாங்கியதைப் பற்றிப் பேச எனக்கு மனசில்லை. இருபத்தொரு வயதில் மூன்று கோடி கிடைத்திருந்தால் நான் என்ன வாங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. லாம்பிரெட்டா நிச்சயம்.

வசதியான பின்னணி காப்பாற்றும் என்றும் சொல்லிவிட முடியாது. 2018 ஜனவரியில், 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே ஏலம் வந்தது. நம் பையன்கள் நியூசிலாந்தில். அவர்களுக்குக் கோச்சாக இருந்த டிராவிட், ஏலம் வருஷா வருஷம் வரும், இந்தியாவுக்காக உலகக் கோப்பை ஆடும் வாய்ப்பு அப்படி வராது என்று எடுத்துச் சொல்லியிருந்தார். நாகர்கோட்டி 3.2 கோடி, கில் 1.8 கோடி, கேப்டன் பிருத்வி ஷா 1.2 கோடி. மூவரில் அதிக விலை போன நாகர்கோட்டிக்கு முதுகில் காயம். இரண்டு சீசன் ஆடவே முடியவில்லை. ஷா அதே வருஷம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 2024 நவம்பரில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. கில் 2025-ல் டெஸ்ட் கேப்டன். மூவரையும் வைத்துப் பணத்தின் மேல் பழி போட நான் தயாரில்லை. முதுகெலும்புக்கு ஏல விலை தெரியாது.

அமெரிக்காவிலும் இதே சர்ச்சை உண்டு. அங்கே ஓய்வு பெற்ற கால்பந்து வீரர்களில் 78 சதவீதம் பேர் இரண்டு வருஷத்துக்குள் திவாலாகிறார்கள் அல்லது பண நெருக்கடியில் விழுகிறார்கள் என்று 2009-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் எழுதியது. அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2015-ல் சில பொருளாதாரப் பேராசிரியர்கள் கோர்ட் பதிவுகளையே எடுத்துப் பார்த்தார்கள். ஓய்வுக்குப் பின் பன்னிரண்டு வருஷத்தில் முறைப்படி திவால் மனு போட்டவர்கள் சுமார் 16 சதவீதம். இரண்டும் வேறு வேறு அளவுகள் என்பதை மறக்கக் கூடாது. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று: அதிகம் சம்பாதித்தவர்களும் நீண்ட காலம் ஆடியவர்களும் அதனால் தப்பித்துவிடவில்லை, திவால் விகிதம் கிட்டத்தட்ட அதேதான்.

பௌதிகம் படித்தவன் ஒரு உதாரணம் சொல்கிறேன். கொதிக்கும் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால், மெல்லிய கண்ணாடி டம்ளரைவிடக் கனமான டம்ளர்தான் சீக்கிரம் விரிசல் விடும். உள்பக்கம் சூடேறி விரிந்துவிடும், வெளிப்பக்கத்துக்குச் சூடு இன்னும் எட்டியிருக்காது. பையன் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இருக்கிறான். அப்பா இன்னும் அதே கூலி வேலையில், சித்தப்பா அதே கடனில். பெரிய குடும்பமாக இருந்தால் இடைவெளி இன்னும் அதிகம். தெரிந்தவர்களெல்லாம் கேட்க வருவார்கள். இல்லை என்று சொல்ல ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு எப்படி வரும்? நம் வீட்டுப் பையனுக்கு அந்த பாரம் குறைவு. அவன் அப்பாவுக்கு அவன் பணம் தேவையில்லை. அவனுக்குள்ள பெரிய சௌகரியம் அதுதான். புத்தி கூடுதல் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சௌகரியம், திரும்பிப் போக ஒரு கதவு. அஷ்வின் எஞ்சினீயரிங் முடித்தவர். வருண் சக்கரவர்த்தி கட்டிடக்கலை படித்து வேலையும் பார்த்தவர். 2018 டிசம்பரில் 8.4 கோடிக்குப் போனபோது வயது 27. சம்பளத்துக்கு உழைத்துப் பார்த்த பிறகு வந்த பணம். மறுபக்கம், பீகாரில் சமஸ்திபூர் ஜில்லாவைச் சேர்ந்த வைபவ் சூர்யவம்சி 13 வயதில் 1.1 கோடிக்குப் போனான். 2025 ஏப்ரலில் 14 வயதில் 35 பந்தில் சதம் அடித்தபோது நானும் டி.வி. முன்னால் எழுந்து நின்றேன், மறைக்கவில்லை. அவன் அப்பா நிலத்தை விற்றுத்தான் பயிற்சி கொடுத்தார். அதே மாதிரி நிலத்தை விற்ற, நமக்குப் பெயர் தெரியாத அப்பாக்கள் எத்தனை பேர்?

சட்டமும் இங்கே கொஞ்சம் விசித்திரம். மைனர் தானாக ஒப்பந்தம் போட முடியாது; 1872-ஆம் வருஷத்துச் சட்டம். ஆனால் தன் சொந்தத் திறமையால் சம்பாதித்தால் அந்த வருமானத்தை அப்பா கணக்கில் சேர்க்க மாட்டார்கள், பையன் பெயரிலேயே வரி. கையெழுத்து அப்பாவுடையது, கடமை பிள்ளையுடையது.

எங்கள் குடியிருப்புக் குடும்பத்துக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். அகாடமியை நிறுத்தச் சொல்லவில்லை. பையன் நன்றாகவே ஆடுகிறான், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடத் தெரிகிறது; அது இந்தக் காலத்தில் அபூர்வம். பள்ளியை விடவேண்டாம் என்றேன். தவிர்க்க முடியாவிட்டால், தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை ஐந்து வருஷத்துக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம், அதில் பதிவு செய்யுங்கள் என்றேன். வரவு செலவு எழுத அவனுக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். இப்போது மாதம் ஐந்நூறு ரூபாய் பாக்கெட் மணிதான், அதையே எழுதட்டும். அப்பா சம்மதித்தார். தாத்தாவுக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை. "எட்டாவதிலேயே எடுத்துவிட்டால் நாலு வருஷம் மிச்சமாகுமே" என்றார். அவர் இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், கேள்வி நேரத்தில் எனக்குப் பதில் சொல்வார் என்று நினைக்கிறேன். செயலாளர் இரண்டாவது முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், காபியும் வந்துவிட்டது.