கட்டியின் இயல்பைக் காட்டும் மெல்லூசி
(ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இடது காறை எலும்புக்கு மேலே கட்டியுடன் ஓர் இளைஞர் மாவட்ட மருத்துவமனைக்கு வந்தால், நம் நாட்டில் முதலில் எழும் ஐயம் காசநோயே. அந்த ஐயம் பொருத்தமானதுதான். ஆயினும், அதே கட்டி விரையில் தோன்றி, வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்கள் வழியாக மேலேறிய புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் எளிய வழிகளுள் ஒன்று, மெல்லூசியால் உயிரணுக்களை உறிஞ்சி ஆராயும் சோதனை.

இனவணுக் கட்டிகள்

விந்தணுவாகவோ சினை முட்டையாகவோ மாறவேண்டிய மூல உயிரணுக்களை இனவணுக்கள் என்பர். கரு வளரும் தொடக்க வாரங்களில் இவை மஞ்சட்கருப் பையின் சுவரிலிருந்து புறப்பட்டு, உடலின் நடுப்பகுதியை ஒட்டிச் சென்று, விரையையோ சூலகத்தையோ அடைகின்றன. வழியில் தங்கிவிட்ட அணுக்களிலிருந்தும் கட்டிகள் உண்டாகலாம் எனக் கருதப்படுகிறது. ஆகவேதான் மார்பின் நடுப்பகுதி, வயிற்றின் பின்புறம், முதுகெலும்பின் அடிமுனை, மூளையின் பினியல் சுரப்பி ஆகிய இடங்களிலும் இவை காணப்படுகின்றன. மேலை நாடுகளை நோக்க, விரைப் புற்று இந்தியாவில் குறைவு. அரிதான நோய் மருத்துவரின் நினைவுக்கு எளிதில் வருவதில்லை என்பதே இதிலுள்ள இடர்.

காலத்தில் கண்டறிவதன் பயன் மிகப் பெரிது. 1977-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐன்ஹார்னும் டோனஹூவும், சிஸ்பிளாட்டினுடன் வேறிரு மருந்துகளைச் சேர்த்து அளித்த சிகிச்சையின் பயனை வெளியிட்டனர். அதற்கு முன்னர் பரவிய நோய் பெரும்பாலும் உயிரைக் கொண்டது. இன்றோ பரவிய நிலையிலும் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகின்றனர்.

சோதனை முறை

1930-இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் மார்ட்டினும் எல்லிசும் ஊசியால் உறிஞ்சிக் கட்டிகளை ஆராயும் முறையை விளக்கினர். பின்னர் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் அதனை மெல்லூசிக் கலையாக வளர்த்தனர். 22 அல்லது 23 எண் ஊசி, பீற்றுக்குழல், கண்ணாடி வில்லைகள், சாயங்கள், நுண்ணோக்கி ஆகியவையே இதற்கு வேண்டுவன. கைக்கு எட்டும் கட்டிக்கு மயக்க மருந்து தேவையில்லை. ஆழத்திலுள்ள கட்டிக்கு மீயொலிப் படமோ சி.டி. படமோ வழிகாட்டும். உறிஞ்சிய துளியை வில்லைகளில் பரப்பி, சிலவற்றைக் காற்றில் உலர்த்திக் கீம்சா சாயமும், சிலவற்றை உடனே ஆல்கஹாலில் இட்டுப் பாப்பனிகோலா சாயமும் ஏற்றுவர்.

செமினோமாவில் பெரிய உட்கருவும் தெளிவான நுண்கருவும் கொண்ட அணுக்கள், நிணநீர் அணுக்களோடு கலந்து கிடக்கும். அவை எளிதில் உடைவதால், கீம்சா சாயத்தில் பின்னணி புலியின் வரிகளைப் போலத் தோன்றும். மஞ்சட்கருப் பைக் கட்டியில் அணுக்கொத்துகளோடு கண்ணாடி போன்ற சிறு உருண்டைகள் காணப்படலாம். கோரியோகார்சினோமாவில் இரத்தமே மிகுந்து, பல உட்கருக்கள் கொண்ட பேரணுக்கள் சிலவே அகப்படலாம். டெரட்டோமாவில் பலவகைத் திசுக்கள் இருப்பதால், ஊசி தொட்ட இடம் முழுக் கட்டியையும் காட்டாது.

கவனிக்க வேண்டியவை

செமினோமாவிலும் காசநோயிற் போலக் கிரானுலோமாக்கள் தோன்றுவதுண்டு. அவற்றை மட்டும் கண்டு காசநோய் என முடிவு செய்தால், பயனற்ற மருந்தில் மாதங்கள் கழியும், புற்றோ வளரும். ஆகவே வில்லையில் பெரிய அணுக்களைத் தேடுவதும், காசநோய்க் கிருமிக்கான சோதனைகளைச் செய்வதும், நோயாளியின் விரைகளைத் தொட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதவை. இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி. ஆகியவற்றின் அளவையும் அறியவேண்டும். முன்னது கட்டியின் காரணமாக உயர்ந்திருப்பின் அது தூய செமினோமா அன்று. பிறந்த குழந்தைகளிடம் இவ்வளவு இயல்பாகவே மிகுந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஐயம் நீங்காவிடின், அணுக்களைத் திரட்டிப் பாளமாக்கி எதிர்ப்பொருட் சாயங்களால் ஆராயலாம். அல்லது திசு ஆய்வு செய்யலாம்.

ஊசியைச் செலுத்தக்கூடாத இடங்களும் உண்டு. விரையில் புற்று என ஐயுற்றால், விதைப்பையின் தோல் வழியே ஊசி போடுதல் தகாது. புற்றணுக்கள் அவ்வழியில் படியவும், பரவும் பாதை மாறவும் கூடும். கவட்டின் வழியே விரையை அகற்றி ஆராய்வதே முறை. சூலகத்துக்குள் அடங்கிய கட்டியைக் குத்தினால் அணுக்கள் வயிற்றினுள் சிந்தி நோயின் நிலையை உயர்த்திவிடும். பரவிய கணுக்கள், மார்பின் நடுவிலுள்ள கட்டி, சிகிச்சைக்குப் பின் மீண்டும் தோன்றும் கட்டி ஆகியவற்றிலேயே மெல்லூசி மிகுதியும் பயன்படுகிறது.

இச்சோதனைக்கான செலவு சிறிது. வேண்டுவது பயிற்சியும் ஒத்துழைப்புமே. வில்லையை அனுப்பும் மருத்துவர் நோயாளியின் வயது, கட்டியின் இடம், விரைச் சோதனையின் விவரம், முன் செய்த அறுவை ஆகியவற்றைப் படிவத்தில் எழுதவேண்டும். நிருவாகத்தினர் சாயங்கள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கவும், இரத்தச் சோதனைக்கும் உயர் மருத்துவமனைக்கும் நோயாளி காலந்தாழ்த்தாது செல்லவும் வழிசெய்தல் வேண்டும். குணப்படுத்தக்கூடிய நோயில் ஒருவரை இழப்பது மருந்தின் குறையன்று; அறிவதில் நேர்ந்த தாமதமே அதற்குக் காரணமாகும்.